ஃபீடர் மாட்டி மூன்று வாரம், ஒரு ஹம்மிங்பேர்டும் எட்டிப் பார்க்கவில்லை

எடிசன்வாசி | மே 9, இரவு 10:12

நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் டெக்கில் போன கோடை முழுக்க, பூந்தேன் குடிக்கும் துளியூண்டு பறவையான ஹம்மிங்பேர்ட் வந்து போனதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, இந்த ஏப்ரல் 18 அன்று நானும் இனிப்புத் தண்ணீர் ஊற்றி வைக்கும் ஒரு சிவப்புக் கண்ணாடி ஃபீடர் மாட்டினேன். மூன்று வாரமாக வந்தது எறும்பு மட்டும்தான். தேர்த் திருவிழாவுக்குப் போவது போல வரிசை கட்டி வருகிறது.

வெள்ளைச் சர்க்கரை நமக்கே கெடுதல், துளியூண்டு பறவைக்கு எதற்கு என்று முதலில் நல்ல தேனைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். பலிக்கவில்லை. மன்னார்குடியிலிருந்து அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். அவர் யோசனைப்படி இப்போது நாட்டுச் சர்க்கரைக் கரைசல். மனைவி அதைப் பானகம் என்கிறாள். ஏலக்காய் தட்டிப் போட்டால் ராமநவமிக்கு ஆகுமாம். எங்கே தப்பு செய்கிறேன்?

ஹூஸ்டன் அக்கா | மே 9, இரவு 10:47

தம்பி, அந்தப் பானகத்தை இன்று ராத்திரியே கொட்டிவிடுங்கள். தேன் தண்ணீரில் கலந்ததும் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பிரவுன் சுகர் எல்லாவற்றிலும் இரும்புச் சத்து உண்டு, இந்தப் பறவைகளுக்கு அது ஆகாது. நமக்கு எது ஆரோக்கியம் என்ற கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். அவை குடிக்கும் பூந்தேனில் இருக்கும் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையும் அதேதான்.

ஒரு கப் சர்க்கரை, நாலு கப் தண்ணீர். அவ்வளவுதான் சமையல். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் போதும். கேசரிக்குப் பாகு எடுப்பது மாதிரி கொதிக்கவிட்டுக்கொண்டே நிற்காதீர்கள், தண்ணீர் வற்றி இனிப்பு ஏறிவிடும். சிவப்புச் சாயம் வேண்டாம். ஃபீடர் சிவப்பாக இருந்தாலே போதும். மீதியை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கழுவவும் வேண்டும். கழுவச் சோம்பேறித்தனம் என்றால் ஃபீடரே மாட்டாதீர்கள். கோபப்படாதீர்கள், கறுத்துப்போன ஃபீடர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சோமர்செட் மாமா | மே 10, காலை 6:30

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் பக்கம் ஏப்ரல் கடைசியில்தான் வரத்துத் தொடங்கும். ஆண்கள் முதலில், பெண்கள் ஒன்றிரண்டு வாரம் கழித்து. அதனால் மூன்று வாரக் காத்திருப்பில் முதல் வாரத்தைக் கழித்துவிடுங்கள். இங்கே கூடு கட்டும் இனம் ஒன்றே ஒன்று, ரூபி-த்ரோட்டட். அதாவது செந்தொண்டைக்காரன். மேற்கே போனால்தான் வகை வகையாகப் பார்க்கலாம்.

ஃபீடர் கண்ணாடி ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம்? மூன்று அடிக்குள் இருக்கட்டும், இல்லை முப்பது அடி தள்ளி இருக்கட்டும். நடுவில் இருந்தால்தான் வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதும்.

எடிசன்வாசி | மே 10, இரவு 9:05

சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஜன்னலிலிருந்து பத்தடியில் இருந்தது, இரண்டடிக்கு நகர்த்திவிட்டேன். எறும்புக்கு என்ன செய்வது? கம்பியில் வாசலின் தடவச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஸ்கார்பரோ தமிழன் | மே 10, இரவு 9:31

வாசலின் தடவ வேண்டாம் அண்ணை. அது இறகில் ஒட்டினால் குருவிக்குக் கழுவத் தெரியாது. எங்கட வீட்டில் சின்ன வயதில் பலகாரப் பானையைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைப்பினம், நினைவிருக்கோ? அதே வேலைதான். ஃபீடருக்கு மேலே கொக்கியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று தொங்கும், அதில் தண்ணீர் விட்டால் எறும்பு தாண்டாது. இங்கே கடையில் பத்து டொலருக்கு விற்கிறாங்கள், ஸ்ப்ரே கேன் மூடியில் ஓட்டை போட்டு நான் செய்தது ஐந்து வருடமாக ஓடுது.

எடிசன்வாசி | மே 17, காலை 7:20

வந்துவிட்டது!!!

அம்மாதான் முதலில் பார்த்தார். காபி டம்ளரோடு டெக் கதவருகே உட்கார்ந்திருந்தவர், "டேய், ஏதோ வண்டு பறக்குது பாரு" என்றார். வண்டு இல்லை. நின்ற இடத்திலேயே பறந்துகொண்டு மூக்கை விட்டு எடுத்தது, பின்பக்கமாகப் பறந்து விலகியது, மறுபடி வந்தது. தொண்டை கரியாகத்தான் இருந்தது. சட்டென்று திரும்பியதும் அடுப்புத் தணல் மாதிரி ஒரு சிவப்பு. அடுத்த நொடி மறுபடி கறுப்பு. எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா மட்டும் சாதாரணமாக, "தேன்சிட்டுதானே, நம்ம முருங்கை மரத்துல வருமே" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

வேடந்தாங்கல் விசிறி | மே 17, காலை 8:02

வாழ்த்துகள். அந்தச் சிவப்பு சாயச் சிவப்பு இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரிவது. கோணம் மாறினால் காணாமல் போகும்.

அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், இது தேன்சிட்டு இல்லை. முருங்கையில் வருவது வேறு குடும்பம், காகம் குருவிகளின் பெரிய வரிசையைச் சேர்ந்தது. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரக் குருவிதான். இரண்டும் பூந்தேன் குடித்துக் குடித்து ஒரே மாதிரி ஆகியிருக்கின்றன, அவ்வளவே. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நின்று குடிக்கும், நொடிக்கு 50 தடவைக்கு மேல் சிறகடிக்கும். ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். ஊரிலிருந்து "எங்க தோட்டத்துல ஹம்மிங்பேர்ட்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் அது தேன்சிட்டு, இல்லையென்றால் பகலில் பறக்கும் ஒரு வகை அந்துப்பூச்சி.

தமிழில் ஓசனிச்சிட்டு என்ற பெயர் இருக்கிறது. ரீங்காரச் சிட்டு என்றும் எழுதுகிறார்கள்.

ஹூஸ்டன் அக்கா | மே 17, காலை 8:15

ஓசனிச்சிட்டு அழகான பெயர். ஆனால் என் வீட்டில் "ஹம்மி வந்தாச்சு" என்றுதான் கத்துவோம்.

எடிசன்வாசி | மே 26, மாலை 6:44

அம்மா இப்போது நாற்காலியை டெக் கதவருகிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார். சீரியல்கூடப் பின்னுக்குப் போய்விட்டது. இன்றைய கேள்வி: "இது உறிஞ்சுதா, நக்குதா?" ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும் என்றேன், நம்பவில்லை.

வேடந்தாங்கல் விசிறி | மே 26, இரவு 8:20

நம்பாதது சரி. உறிஞ்சுவதில்லை, நக்குகிறது, ஆனால் நாய் மாதிரி இல்லை. நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், ஒவ்வொன்றிலும் நெடுக ஒரு வாய்க்கால். மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுவது போலத்தான் தேன் ஏறுகிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ ரிக்கோ-கெவாராவும் மார்கரெட் ருபேகாவும் அதிவேகக் கேமராவில் எடுத்து அது தப்பு என்று காட்டினார்கள். 2015-இல் வந்த கட்டுரையின்படி, அலகிலிருந்து வெளியே வரும்போது நாக்கு தட்டையாக நசுங்கி வருகிறது; தேனைத் தொட்டதும் வாய்க்கால் விரிந்து திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு நொடியில் பத்துப் பதினைந்து தடவை.

எடிசன்வாசி | மே 26, இரவு 9:10

அம்மா பதில்: "இங்க் பேனாவுக்கு மை போடற ரப்பர் மாதிரின்னு சொல்லு." இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

காட்டுப்பூ | ஜூன் 3, பகல் 1:15

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது கெட்ட பெயர் வாங்கப் போகிறேன். பென்சில்வேனியாவில் பதினோரு வருடமாகத் தோட்டம் போடுகிறேன், ஒரு ஃபீடரும் கிடையாது. சர்க்கரைத் தண்ணீர் என்பது பறவைக்குச் சோடா. இவை தேனில் மட்டும் வாழ்வதில்லை. கொசு, பழ ஈ, சின்னச் சிலந்தி எல்லாம் பிடித்துத் தின்ன வேண்டும். குஞ்சுக்குப் புரதம் அதிலிருந்துதான். கூட்டைக் கட்டுவதும் சிலந்தி நூலால்தான், அதனால்தான் குஞ்சு வளர வளரக் கூடு ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கிறது. ஒரு பக்கம் ஃபீடர் மாட்டிவிட்டு மறுபக்கம் புல்வெளிக்குப் பூச்சிமருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

பீ பாம், கார்டினல் ஃபிளவர், ட்ரம்பெட் ஹனிசக்கிள் நடுங்கள், மூன்றும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை. ஹனிசக்கிளில் ஜப்பான் வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது மரத்தையே மூடிவிடும்.

ஹூஸ்டன் அக்கா | ஜூன் 3, மாலை 5:50

செடி வேண்டும் என்பதில் சண்டையே இல்லை காட்டுப்பூ. பூச்சிமருந்து விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் "சோடா" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது சதவீதத்தை ஒட்டிய இனிப்பு, பூவில் கிடைப்பதும் ஏறக்குறைய அதுதான். ஃபீடரில் குடித்துவிட்டு ஓக் மரத்தில் பூச்சி பிடிப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்ததே, அப்போது எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்குத் தங்கியிருந்த ரூஃபஸ் என்ற இன ஹம்மிங்பேர்ட் ஒன்று இருந்தது. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, தோட்டத்தில் ஒரு பூ இல்லை, ஒரு பூச்சி இல்லை. இரண்டு ஃபீடரை மாற்றி மாற்றி உள்ளே கொண்டு வந்து கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கி வெளியே மாட்டினேன். பையன்களுக்கு மேகி கேஸ் அடுப்பில், பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் அதே அடுப்பில். அந்த நாலைந்து நாள் உங்கள் பீ பாம் என்ன செய்திருக்கும்?

காட்டுப்பூ | ஜூன் 3, இரவு 7:22

அந்த நாலைந்து நாள் ஒன்றும் செய்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன். மீதி 360 நாளுக்குச் செடிதான்.

எடிசன்வாசி | ஜூலை 8, காலை 9:30

புதுப் பிரச்சினை. ஒரு ஆண் ஃபீடரையே பட்டா போட்டுக்கொண்டுவிட்டான். டாக்வுட் கிளை நுனியில் உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் துரத்துகிறான். அவனும் குடிப்பதில்லை, அடுத்தவரையும் விடுவதில்லை. அம்மா அவனுக்குப் பண்ணையார் என்று பெயர் வைத்துவிட்டார்.

ஸ்கார்பரோ தமிழன் | ஜூலை 8, காலை 10:05

இரண்டாவது ஃபீடரை வீட்டுக்கு மற்றப் பக்கம் மாட்டுங்கோ. அவருக்கு இங்கேயிருந்து அது தெரியக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் காவல் செய்ய ஏலாது.

ஹூஸ்டன் அக்கா | ஜூலை 8, பகல் 12:40

எங்கள் ஊரில் வேறு வழி: கூட்டம். செப்டம்பரில் வடக்கிலிருந்து எல்லாம் இறங்கி வரும்போது ஆறு ஃபீடரையும் ஒரே இடத்தில் மாட்டிவிடுவேன். முப்பது பறவை வந்தால் எந்தப் பண்ணையார் எத்தனை பேரைத் துரத்துவார்? டெக்சாஸ் கரையோர ஊரான ராக்போர்ட்டில் அந்த மாதம் இதற்கென்று ஒரு விழாவே நடக்கும்.

அப்போது ஒவ்வொன்றும் உருண்டையாக இருக்கும். சாதாரணமாக மூன்று கிராம், அதாவது ஒரு பென்னி நாணயத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கிளம்பும் முன் கொழுப்பு ஏறி அந்த எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சில கரையோரமாக மெக்சிகோவுக்குப் போகும். சில நேரே மெக்சிகோ வளைகுடாவின் மேல், 500 மைல், எங்கும் இறங்காமல். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சண்டியர்த்தனத்தின் மேல் கோபம் வருவதில்லை.

டூசான் மணல் | ஜூலை 8, இரவு 11:10

அரிசோனாவிலிருந்து. உங்களுக்குப் பண்ணையார், எங்களுக்குத் திருடன். கோடை முடியும் சமயம் ராத்திரி நிரம்பிய ஃபீடர் காலையில் காலி. எறும்பு, ரக்கூன், பக்கத்து வீட்டுப் பையன் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால் வௌவால்! நீண்ட மூக்கு வௌவால்கள், கற்றாழைப் பூவில் தேன் குடிப்பவை. இப்போது அவற்றுக்கும் சேர்த்தே கலக்குகிறேன்.

இந்தப் பக்கம் வந்தால் படகோனியா என்ற சின்ன ஊருக்குப் போங்கள். பேட்டன் என்ற தம்பதி தங்கள் கொல்லைப்புறத்தையே யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று பல வருடம் திறந்து வைத்திருந்தார்கள். வேலியில் சர்க்கரைச் செலவுக்கு ஒரு உண்டியல். அவர்களுக்குப் பிறகு டூசான் ஆடுபன் என்ற பறவை ஆர்வலர் சங்கம் (இப்போது டூசான் பேர்ட் அலையன்ஸ்) அந்த வீட்டை எடுத்து நடத்துகிறது. ஊதா உச்சிக்காரனை (வயலட்-கிரவுண்ட் ஹம்மிங்பேர்ட்) நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

எடிசன்வாசி | ஆகஸ்ட் 14, மாலை 7:02

இன்று ஒரு பயங்கரம். ஃபீடரின் மேல் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கும்பிடுபூச்சி. அது கும்பிட்டுக்கொண்டு நிற்க, அம்மா "பாவம், தண்ணி குடிக்க வந்திருக்கு" என்றார். எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

சோமர்செட் மாமா | ஆகஸ்ட் 14, இரவு 7:10

உடனே எடுத்து விடுங்கள்! அது பறவையைப் பிடிக்கத்தான் நிற்கிறது. நிஜமாகவே பிடித்துத் தின்னும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மறக்க முடியவில்லை. ஒரு குச்சியில் ஏற்றி வேலியோரப் புதரில் விடுங்கள். கொல்ல வேண்டாம்.

எடிசன்வாசி | ஆகஸ்ட் 14, இரவு 7:35

விட்டாச்சு. அம்மா இனி அதைக் கும்பிடுபூச்சி என்று சொல்ல மாட்டாராம். இன்னொன்று, பண்ணையாரை நாலு நாளாகக் காணோம். இதுவா காரணம்?

சோமர்செட் மாமா | ஆகஸ்ட் 14, இரவு 7:48

இருக்காது. ஆண்கள் ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுவார்கள். கூடு, முட்டை, குஞ்சு எதிலும் அவர்களுக்குப் பங்கு கிடையாது, இங்கே என்ன வேலை? இப்போது வருபவை பெண்களும் இந்த வருடக் குஞ்சுகளும். தொண்டை வெள்ளையாக இருக்கும்.

நார்த் பிரன்ஸ்விக் நந்தன் | செப்டம்பர் 4, காலை 11:00

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். லேபர் டே வந்துவிட்டது, எல்லோரும் ஃபீடரைக் கழற்றிவிடுங்கள். தீனி கிடைத்துக்கொண்டே இருந்தால் அவை தெற்கே போகாமல் இங்கேயே தங்கிப் பனியில் செத்துவிடும். என் மேனேஜர் சொன்னார், முப்பது வருடமாகப் பறவை பார்ப்பவர்.

வேடந்தாங்கல் விசிறி | செப்டம்பர் 4, பகல் 12:25

உங்கள் மேனேஜர் மட்டுமல்ல, பாதி அமெரிக்கா இதை நம்புகிறது. ஆனால் கிளம்பச் சொல்வது பகல் பொழுதின் நீளம் குறைவது. உள்ளுக்குள் ஒரு கடிகாரம் அடிக்கிறது. உங்கள் சர்க்கரைத் தண்ணீருக்கு அதை நிறுத்தும் சக்தி இருந்தால் பண்ணையார் ஆகஸ்டில் நிரம்பிய ஃபீடரை விட்டுவிட்டு ஏன் போனார்? உண்மையில் கனடாவிலிருந்து இறங்கி வருபவற்றுக்கு வழியில் இது சத்திரம். கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரமாவது மாட்டியே வைத்திருங்கள்.

நார்த் பிரன்ஸ்விக் நந்தன் | செப்டம்பர் 4, பகல் 12:50

சரி, நாளைக்கு அவரிடம் கேட்கிறேன். அப்ரைசல் முடிந்த பிறகு.

சியாட்டில் சாரல் | செப்டம்பர் 4, இரவு 9:15

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே இல்லை, அன்னாஸ் ஹம்மிங்பேர்ட் வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறது. கலிஃபோர்னியாப் பறவை, தோட்டப் பூக்களும் ஃபீடர்களும் பெருகப் பெருக வடக்கே ஏறி வான்கூவர் வரை வந்துவிட்டது. டிசம்பர் விடியலில் கிளையில் பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். ராத்திரி உடல் சூட்டைத் தணித்துக்கொண்டு ஒரு வகை மயக்கத்துக்குப் போய்விடும். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும் இதயம் அப்போது ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். யாராவது அப்படிப் பார்த்தால் செத்துவிட்டது என்று கையில் எடுக்காதீர்கள். வெயில் ஏறினால் எழுந்துகொள்ளும்.

எடிசன்வாசி | அக்டோபர் 7, இரவு 11:30

நேற்று அம்மாவை நூவர்க்கில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கடைசிப் பறவை செப்டம்பர் 28. அம்மா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், நாள், மணி, "வெள்ளைத் தொண்டை, தனியாக" என்று. நாற்காலியை இன்னும் நகர்த்தவில்லை. ஃபீடரையும் கழற்றவில்லை. விசிறி சொன்ன இரண்டு வாரம்தான் காரணம் என்று வையுங்கள்.

எடிசன்வாசி | நவம்பர் 12, காலை 8:05

யாராவது இருக்கிறீர்களா? ஃபீடரில் ஒன்று நிற்கிறது. நவம்பரில்! ஆனால் இது நம்ம ஆள் இல்லை. முதுகு பச்சை, விலாவும் வால் அடியும் செங்கல் பொடி நிறம். கழற்ற மறந்துதான் போயிருந்தேன். தண்ணீரை மட்டும் ஏனோ மாற்றிக்கொண்டே இருந்தேன்.

சோமர்செட் மாமா | நவம்பர் 12, காலை 8:19

ரூஃபஸ்! தம்பி, அநேகமாக ரூஃபஸ்! அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டும் மேற்கத்திய இனம், மெக்சிகோவில் இருக்க வேண்டியது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சில கிழக்கே வந்துவிடும். ஆலன்ஸ் என்று ஒரு இனம் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், வால் இறகின் அகலத்தை அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு உரிமம் உள்ளவர்தான் பிடிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சொல்கிறேன். முகவரியை இங்கே போட்டுவிடாதீர்கள், நாளைக் காலை உங்கள் தெருவில் நாற்பது பைனாகுலர் நிற்கும்.

நார்த் பிரன்ஸ்விக் நந்தன் | நவம்பர் 12, காலை 8:40

பார்த்தீர்களா, ஃபீடர் வைத்ததால்தான் மாட்டிக்கொண்டது!

வேடந்தாங்கல் விசிறி | நவம்பர் 12, காலை 8:58

அது அலாஸ்கா பக்கமிருந்து ஆயிரக்கணக்கான மைல் வழி மாறி வந்தது உங்கள் எடிசன் ஃபீடரைத் தேடியா? வந்த இடத்தில் ஒரு வாய் கிடைத்தது, அவ்வளவுதான். பனி இறங்கினாலும் கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பும்.

எடிசன்வாசி | நவம்பர் 16, இரவு 8:45

மாமா சொன்ன உரிமக்காரர், பறவைக் காலில் அடையாள வளையம் போடுபவர், வந்தார். ஃபீடரைச் சுற்றி ஒரு கூண்டு, கையில் கயிறு, பத்தே நிமிடம். ரூஃபஸ்தான். பெண், இந்த வருடக் குஞ்சு, 3.6 கிராம். பாஸ்மதி அரிசியைவிடச் சின்னதாக ஒரு அலுமினிய வளையம் காலில் மாட்டினார். விடுவதற்கு முன் என் உள்ளங்கையில் வைத்தார். எடை தெரியவே இல்லை, அதிர்வு மட்டும் தெரிந்தது, செல்ஃபோன் வைப்ரேட் ஆவது போல. அப்புறம் இல்லை.

அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். "பண்ணையார் சம்சாரமா?" என்று கேட்கிறார்.

இந்த வாரம் ராத்திரி 25 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது உறைநிலைக்கும் கீழே, இறங்குமாம். என்ன செய்யட்டும்?

சியாட்டில் சாரல் | நவம்பர் 16, இரவு 9:30

ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிட்டு விடிவதற்கு அரை மணி முன்னால் வெளியே மாட்டுங்கள், இரவெல்லாம் மயக்கத்தில் இருந்துவிட்டு எழுந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். பகலிலும் உறைந்தால் இரண்டு ஃபீடரை மாற்றி மாற்றி வையுங்கள், ஹூஸ்டன் அக்கா செய்த மாதிரி.

எடிசன்வாசி | நவம்பர் 24, காலை 7:10

நேற்று ராத்திரி 24. இன்று 6:15-க்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாட்டினேன். 6:34-க்கு வந்தாள். தொண்ணூறு நொடி குடித்தாள். அம்மா நோட்டில் நானே எழுதிவிட்டேன்.

சியாட்டில் சாரல் | நவம்பர் 24, காலை 10:02

அருமை. ஒரு சந்தேகம், உங்களுடையது கண்ணாடி ஃபீடர் என்றுதானே முதலில் சொன்னீர்கள்? உறைந்தால் விரிசல் விடும். ஒரு பிளாஸ்டிக் வாங்கி வையுங்கள்.